நானூற்றுப் பன்னிரண்டில் கை நனைத்தது

பயணம் என்று பெயர் சொல்லி இதை எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரமடையிலிருந்து கோயமுத்தூர் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிற தூரம். காசிக்கும் பத்ரிநாத்துக்கும் போனவர்கள் எழுதுகிற இடத்தில், அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில் ஓர் இரவு தங்கியதை எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன். கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் பின்வரிசை பார்த்து நிற்கிறவன். ஆனாலும் அந்த ஓட்டலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். உள்ளே எப்படி இருக்கிறது என்று போய் வந்தவன்தானே சொல்ல வேண்டும்.

போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகன் நவீன் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். அதே கம்பெனியில் ஹரிணி என்று ஒரு பெண். மூன்று வருடப் பழக்கம். கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று இரண்டு பேரும் அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஹரிணியின் அப்பாவுக்குக் கணபதிப் பக்கம் பம்ப்செட் பவுண்டரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சாதி வேறு. எங்கள் பக்கத்தில் இது லேசான விஷயம் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் பேசி முடியும்வரை ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்த பிறகு மாற்றிப் பேசினால் ஊர் சிரிக்கும்.

அதனால் ஹரிணியின் அப்பா கவனமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வர மாட்டார், நாங்களும் அவர் வீட்டுக்கு வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அந்த ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டே பேசிப் பார்க்கலாம். அவரவர் பில் அவரவருக்கு. ஒத்துவராவிட்டால் அவரவர் வழியில் போய்விடலாம்.

"நீங்க முந்தின நாளே வந்து அங்கயே தங்கிருங்கப்பா" என்றான் நவீன். அவன் கம்பெனிக்கு அந்த ஓட்டலில் தள்ளுபடி உண்டு. எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் அறை நாலாயிரத்து முந்நூறுக்கு.

"முப்பது கிலோமீட்டருக்கு எதுக்குடா ரூம்பு? வெடியால பஸ் ஏறுனா வந்தர்றோம்."

"பஸ்ஸுல கசங்கி வந்து, அவரு முன்னால வேத்து நிப்பீங்க. உங்களைத் தெரியாதுங்களா எனக்கு? ஒரு நாளைக்கு அந்த எடம் நம்முளதா இருக்கட்டுங்கப்பா. அப்பத்தான் வாய் தொறப்பீங்க."

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் காரமடையில் பஸ்ஸுக்கு நின்றோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த புறநகர் பஸ்கள் இரண்டு போய்விட்டன. என் மனைவி ஈஸ்வரி ஏறவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்தான் வேண்டும் என்றாள்.

"நாலாயிரத்து முந்நூறு ரூபா ரூம்புக்குப் போறவ முப்பது ரூபாய்க்குக் கணக்குப் பாக்கறே."

"போற எடத்துல எப்படியும் புடுங்கப் போறாங்க. போற வழியிலயாச்சும் மிச்சம் பண்ணலாமில்லீங்க."

டவுன் பஸ் வந்தது. எனக்கு மட்டும் டிக்கெட். ஈஸ்வரியின் மடியில் ஒரு பை. அதில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ, ஒரு சீப்பு நேந்திரம்பழம், குங்குமச் சிமிழ், ராத்திரிக்குக் கட்டுச்சோறு. கண்டக்டர் பையையும் அவள் புதுச் சேலையையும் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, கல்யாணத்துக்குங்களா?"

"இன்னும் ஆகுல கண்ணு. ஆனா பத்திரிகையோட இதே பஸ்ஸுல வாரேன்."

பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கவுண்டம்பாளையம் என்று நிற்காத இடமில்லை. காந்திபுரத்தில் இறங்கும்போது நாலே முக்கால். அங்கிருந்து ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஓட்டலின் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உள்ளாற யாரைங்க பாக்கணும்? பின்னால கேட்டுல எறக்கி உடட்டுங்களா?"

"யாரையும் இல்லீங்க தம்பி. தங்கறதுக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஈஸ்வரி சத்தமாகச் சொன்னாள்: "தங்கறோமுங்க!"

"அப்ப வாசலுக்கே உட்டர்றனுங்க" என்று அவர் தூண் வைத்த முகப்பு வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு பெரிய கார்களுக்கு நடுவில் எங்கள் ஆட்டோ. தலைப்பாகை கட்டிய காவலாளி கதவைத் திறந்துவிட ஓடி வந்தார். ஆட்டோவுக்கு ஏது கதவு? நீட்டிய கை ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டு ஈஸ்வரியின் பையை வாங்கிக்கொண்டது. ஆட்டோக்காரருக்குச் சந்தோஷம். "நானும் உள்ளாற வந்தது இதுதானுங்க மொதல் தடவை" என்று சொல்லி, முகப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்.

உள்ளே நுழைந்ததும் குளிர். தரையில் முகம் தெரிகிறது. வரவேற்பில் இருந்த பெண் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு, கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத் கொடுத்தார். ஈஸ்வரி தொடவில்லை. இதற்குக் காசு இல்லை என்று அந்தப் பெண்ணே சொன்ன பிறகு இரண்டு டம்ளரையும் குடித்தாள். சாவி கிடையாது, ஒரு அட்டைதான். அட்டையைக் காட்டாவிட்டால் லிப்ட்கூட நகராது.

"ரூம் நம்பர் நானூத்திப் பன்னெண்டு. காலை டிபன் ரெண்டு பேருக்கு இந்த ரேட்டிலேயே வருதுங்க சார்" என்றார்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டில் எங்கள் சமையலறை அளவு இருந்தது. போர்வையை மெத்தைக்கு அடியில் அவ்வளவு இறுக்கமாகச் செருகியிருந்தார்கள், உள்ளே நுழைய நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று இழுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் திரையை விலக்கினால் மரம், தோட்டம் எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டிடத்தின் சுவரும், வரிசையாக ஏசி மிஷின்களும்தான். விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொண்டேன். மேஜைமேல் இருந்த அட்டையில் ஒரு காப்பி இருநூற்றுத் தொண்ணூறு என்று போட்டிருந்தது. அதை ஈஸ்வரி கவிழ்த்து வைத்தாள்.

பெரிய சங்கடம் குளியலறை. கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் சுவரே இல்லை. முழுக்கக் கண்ணாடி. உள்ளே நிற்பவர் வெளியே தெரிகிறார்.

"என்ன கருமமுங்க இது? சுவரு வெக்கறதுக்குக் காசு இல்லாமப் போச்சா இவங்களுக்கு?" என்றாள் ஈஸ்வரி. பிறகு தன் பழைய சேலையை எடுத்து, மேலே இருந்த கம்பியில் ஒரு முனையையும் அலமாரிக் கதவில் மறுமுனையையும் கட்டினாள். இருபத்தெட்டு வருடமாகக் குடித்தனம் செய்கிறவர்கள்தான் நாங்கள். ஆனாலும் சேலைக்குப் பின்னால்தான் குளித்தோம்.

ஏழு மணிக்கு நவீன் வந்தான். அந்தச் சமயம் சேலையை அவிழ்த்து மறைத்துவிட்டோம். கண்ணாடியைப் பற்றி மகனிடம் கேட்க இருவருக்குமே வாய் வரவில்லை. மற்ற சுவிட்சுகளையெல்லாம் காட்டிக் கொடுத்தான். தரையில் செய்தித்தாள் விரித்துக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். அவன் இரண்டு வாய்தான் சாப்பிட்டான்.

"நாளைக்கு நான் வர முடியாதுங்கப்பா. பெரியவங்க மட்டும்னு சொல்லீட்டாரு. எதிர்ப்பக்கம் பேக்கரில உக்காந்திருப்பேன்."

"என்னடா பேசறது அவருகிட்ட?"

"எதாச்சும் பேசுங்க. பேசாம மட்டும் இருந்தராதீங்க."

லிப்ட் மூடும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதப் போகிற அன்றைக்கு இருந்த முகம். அவனுக்காகவாவது நாளைக்கு என் வாய் திறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டே காலுக்கே கீழே போய் நின்றோம். ஹரிணியின் பெற்றோர் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். அந்த அம்மா கைத்தறிச் சேலையில் அமைதியாக இருந்தார். கும்பிட்டோம், கும்பிட்டார்கள். நாலு பேரும் சேர்ந்து சாப்பாட்டு மண்டபத்தின் வாசலுக்குப் போனோம். அங்கே கையில் பலகை வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றார்.

"குட் மார்னிங். ரூம் நம்பர் சொல்லுங்க சார்? எத்தனை பேர்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "நானூத்திப் பன்னெண்டுங்க, நாலு பேருங்க" என்றேன். ஹரிணியின் அப்பா அப்போது பின்னால் திரும்பி யாருக்கோ வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இட்லி, பொங்கல், ராகி தோசை, பழம், பேர் தெரியாத ரொட்டிகள். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்தோம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேஜைக்கு அடியில் ஈஸ்வரி என் காலை மிதித்தாள்.

"மழை எப்படிங்க உங்க பக்கம்?" என்று ஹரிணியின் அப்பாவே ஆரம்பித்தார்.

"பரவால்லீங்க."

மறுபடியும் மிதி விழுந்தது.

"போர் எத்தனை அடிங்க?"

"எழுநூறுங்க. தண்ணி இருக்குதுங்க, ஆனா மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணுதுங்க."

"எத்தனை ஹெச்பி?"

"ஏழரைங்க."

"எழுநூறடிக்கு அது முக்கித்தானுங்க ஏத்தும்" என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் கொஞ்சம் விட்டது. மோட்டார் பற்றிப் பேசினோம். சிறுவாணித் தண்ணீர் பற்றிப் பேசினோம். கறிவேப்பிலை விலை ஒரு வாரத்தில் எப்படி விழுகிறது என்று சொன்னேன். பொங்கலில் கிடக்கிற கறிவேப்பிலையை எல்லோரும் தட்டோரம் ஒதுக்குவார்கள், நான் எந்த ஓட்டலிலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அவர் ஒதுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இரண்டு அம்மாக்களும் ராகி தோசைக்கு அரிசி எவ்வளவு சேர்ப்பது என்பதிலேயே நின்றார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் தனி பில்லு."

"பில் இல்லீங்க சார். நாலு பேருக்கும் நானூத்திப் பன்னெண்டுல போட்டாச்சு."

அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, அவங்கவங்க பில்லு அவங்கவங்களுக்குன்னு நான் சொல்லி உடுலீங்களா?"

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது. எங்கள் அறைக் கணக்கில் அவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த அறை அன்றைக்கு எங்கள் வீடு. அவர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டார்கள். ஈஸ்வரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இதென்னுங்க, ஏற்பாடா?" என்றார் அவர். குரல் ஏறவில்லை. ஆனால் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

எழுந்து போகப் போகிறார் என்று தெரிந்தது. எதிர்ப்பக்கம் பேக்கரியில் உட்கார்ந்திருக்கும் நவீனை நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

"சத்தியமா இல்லீங்க. அந்தப் புள்ளை எத்தனை பேருன்னு கேட்டுதுங்க. நாலு பேரு நிக்கறோம். உங்களை அக்கட்டால நிறுத்திப்போட்டு நாங்க ரெண்டு பேருன்னு சொல்ல எனக்கு வாய் வருலீங்க. பில்லு ஞாபகத்துலயே இல்லீங்க. வேணும்னா இப்பவே மாத்திப் போடச் சொல்றனுங்க."

என் வாழ்க்கையில் புது மனிதர் ஒருவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. பரிமாறுகிறவர், "மாத்தலாங்க சார், மேனேஜரைக் கூப்பிடணும், அஞ்சு நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு நின்றார்.

அந்த அம்மா கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"பில்லை மாத்தலாமுன்னு சொல்றாருங்க அந்தத் தம்பி. தின்ன பொங்கலை எந்த மேனேஜருங்க மாத்துவாரு?"

ஈஸ்வரி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தார். ஹரிணியின் அப்பா சிரிக்கவில்லை. ஆனால் பரிமாறுகிறவரிடம், "நீ போ தம்பி, இருக்கட்டும்" என்றார். பிறகு எழுந்தார்.

"சாப்பிட்டதுதான் சாப்பிட்டாச்சு. ஊட்டைக் காட்டுங்க, பாத்துட்டுப் போறோம்" என்றார்.

கேலியா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. லிப்டில் அட்டையைக் காட்டினேன். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை நகர்ந்தது.

கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது. சேலை. காலையில் குளித்த பிறகு அவிழ்க்க மறந்துவிட்டோம். கண்ணாடிக்குக் குறுக்கே ஈஸ்வரியின் பச்சைப் பூப்போட்ட சேலை, ஒரு முனை கம்பியிலும் ஒரு முனை அலமாரியிலும், கூடாரம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்வரி ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். ஒரு ஆள் நின்று மறைக்கிற அகலமா அது?

அந்த அம்மா கிட்டே போய்ச் சேலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? நாம பெங்களூர்ல பண்ணுன அதே வேலை."

"அங்க பெட்ஷீட்" என்றார் அவர். முதல் தடவையாகச் சிரித்தார். "மிஷின் எக்ஸிபிஷனுக்குப் போயிருந்தமுங்க. இதே மாதிரி கண்ணாடி. இவ பெட்ஷீட்டை உருவிக் கட்டிப்போட்டா. அப்பறம் பாத்தா..." சுவரில் இருந்த ஒரு சிறிய பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு திரை சரசரவென்று தானாக இறங்கியது. "இது இருக்கறது ரூமைக் காலி பண்றப்பத்தான் தெரிஞ்சுதுங்க எங்களுக்கும்."

நாலு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஈஸ்வரிதான் முதலில் பேசினாள்.

"இதுக்கு ஒரு போர்டு எழுதி வெக்கக் கூடாதுங்களா?"

அவர் ஜன்னலுக்குப் போய் ஏசி மிஷின்களைப் பார்த்தார். "ஏனுங்க, இந்தப் பக்கத்தையா குடுத்தாங்க?"

"தள்ளுபடி ஊடுங்க. ஜன்னல்லயும் பாதியத் தள்ளிப்போட்டாங்க" என்றாள் ஈஸ்வரி. அதற்கும் சிரித்தார்.

பிறகு அவர் அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றேன். உட்காரச் சொன்னார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் பிள்ளைகளின் பேச்சு வந்தது.

"என்ற தம்பிமாருங்க ஒத்துக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும்" என்றார். "உங்க பக்கத்துல?"

"என்ற அண்ணன் பேசறதை உட்டுட்டாருங்க. இது ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

"அப்பறமும் வந்தீங்களா?"

"பையன் கேட்டானுங்க. உங்க புள்ளையப் பத்திப் பேசறப்ப அவன் மொகம் ஒரு மாதிரி இருக்குதுங்க. அந்த மொகத்தை இல்லைன்னு சொல்ல எங்களால முடியலீங்க."

"ஹரிணியும் அப்படித்தானுங்க இருக்கறா" என்றார். அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஈஸ்வரி பையைத் திறந்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த பெண்ணைக் குங்குமம், பூ கொடுக்காமல் அனுப்புவதில்லை. பூ கொஞ்சம் வாடியிருந்தது. மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த காப்பி விலை அட்டையையே தட்டாக எடுத்து, அதில் பூவும் இரண்டு நேந்திரம்பழமும் வைத்து, குங்குமச் சிமிழோடு நீட்டினாள். அந்த அம்மா குங்குமம் எடுத்துக்கொண்டார். பூவைத் தலையில் வைத்துக்கொண்டார். பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

லிப்ட் வாசலில் ஹரிணியின் அப்பா கும்பிட்டு, "போயிட்டு வாரனுங்க" என்றார்.

பதினொரு மணிக்கு அட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். கூடுதலாகச் சாப்பிட்ட இரண்டு பேருக்குப் பணம் கட்டினேன். வரவேற்பில் இருந்த பெண், "தங்கியது வசதியா இருந்துதுங்களா சார்?" என்றார். "கண்ணாடிக்கு ஒரு போர்டு வெச்சிருங்க கண்ணு" என்றாள் ஈஸ்வரி. அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டார்.

நவீன் ரோட்டைக் கடந்து ஓடி வந்தான். "என்ன சொன்னாருங்கப்பா?"

"வாரேன்னு சொன்னாரு."

"அது எல்லாரும் சொல்றதுதானுங்களே!"

உண்மைதான். எங்கள் ஊரில் கடன் கேட்க வந்தவரும் சண்டை போட வந்தவரும்கூடப் போகும்போது வாரேன் என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பஸ்ஸில் திரும்பும்போது ஈஸ்வரி அதையே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். "வாரனுங்க. வாரனுங்க. வாரனுங்க. இதுல எதுங்க அவரு சொன்னது?" மூன்றாவது என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது எங்கள் வீடு சிறியதாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படித் தெரியவில்லை. அங்கே கட்டில் பெரியது, இங்கே ஜன்னலில் தோட்டம் தெரிகிறது. அங்கே சர்பத் கொடுத்த பெண் நல்லவர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம் நம்முடையதாக இருந்தால் எப்படிப்பட்டவனுக்கும் வாய் திறக்கும் என்று நவீன் சொன்னது சரிதான். அந்த அறைக்குத் தள்ளுபடி கிடைக்காமல் இருந்திருந்தால், வாசலில் நின்ற பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் ஓர் எண் இருந்திருக்காது.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கறிவேப்பிலை வெட்டினோம். மத்தியானம் ஹரிணியின் அப்பா போன் செய்தார். வியாழக்கிழமை மோட்டாரைப் பார்க்க வருவதாகவும், தங்கள் வீட்டார் ஐந்து பேருக்கு இலை போட வேண்டும் என்றும் சொன்னார்.